ஊவாத் தோட்டங்களின் ஓசையும் கட்டற்ற பொதுச் சுவடிக்கூடமும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையக மக்களின் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதனைச் சொல்லாகவே கண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 ஆம் ஆண்டில் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, சாரல் நாடன் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ ஆகிய இரண்டும் இத்துறையின் அடித்தளங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் அச்சேறிய பாட்டு, பாட்டின் ஒரு பாதியே. மற்றைய பாதி தொண்டையிலும் தோலிலும் இருக்கின்றது. அப்பாதியைப் பதிவதற்கும் பகுப்பதற்கும் மீள ஒலிப்பதற்கும் இன்று கணினி வேண்டும். கணினியை இயக்க மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் யாருடையது என்ற வினா, பாட்டு யாருடையது என்ற வினாவிலிருந்து பிரிக்க முடியாததாகிவிட்டது. இசை மென்பொருள் உலகில் எவ்வாறு பொதுச் சொத்தாகவும் தனிச் சொத்தாகவும் மாறி மாறி வந்தது என்பதையும், அவ்வரலாறு பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் எவ்வகையில் தொடுகின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் பொருள்.

1

கணினி முதன்முதலாக இசை ஒலித்த ஆண்டு எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் ஒலியைக் கணக்கிட்டு ஆக்கும் பொதுவான ஒரு செய்நிரலை முதலில் எழுதியவர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்யூஸ் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்றாகும். 1957 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 704 கணினியில் அவரது செய்நிரல் 17 வினாடி நீளமான ஒரு சிறு துண்டை ஒலித்தது. அச்செய்நிரலின் பின்வந்த வடிவங்கள் பல்கலைக்கழகங்களிடையே தாராளமாகக் கைமாறின. இதனை மத்யூஸின் தனிப்பட்ட பெருந்தன்மையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்தில் செய்நிரல் ஒரு பண்டமாக இருக்கவில்லை. பண்டமாக இருந்தது இயந்திரமே. ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தியோர் 1955 ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துச் செய்நிரல்களைப் பகிர்ந்து வந்தனர். இயந்திரத்தை விற்பவருக்கு இப்பகிர்வால் இலாபமேயன்றி நட்டமில்லை.

இந்நிலை மாறிய காலத்தைத் திட்டவட்டமாகக் குறிப்பிடலாம். 1969 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐ.பி.எம். தன் மென்பொருளை இயந்திரத்தினின்று பிரித்துத் தனி விலையிடப்போவதாக அறிவித்தது. அதன் பின் மென்பொருள் தனக்கெனச் சந்தை கொண்ட பண்டமாயிற்று. 1976 ஆம் ஆண்டு பெப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம், அதுவரை வழக்கமாயிருந்த பகிர்வைக் களவு என்றது. ஒரே செயல், ஏழாண்டுகளுக்குள், கூட்டுறவு என்ற நிலையிலிருந்து குற்றம் என்ற நிலைக்கு இறங்கிவிட்டது. பொது மேய்ச்சல் நிலத்துக்கு வேலியிட்ட பின்னர் அங்கே மாடு மேய்ப்பவன் அத்துமீறியவனாகும் கதை ஊவாவுக்குப் புதியதன்று. 19 ஆம் நூற்றாண்டில் முடிக்குரிய தரிசு நிலம் என்ற பெயரால் மலைச்சரிவுகள் தோட்டத் துரைமாருக்குக் கைமாறியபோது சிங்களக் கிராமத்தவர் இதனையே அனுபவித்தனர்.

வேலியிடலுக்கு எதிர்வினையும் எழுந்தது. 1983 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டில், முற்றிலும் வேறான ஒரு தளத்தில், மின்னிசைக் கருவிகள் தம்முள் பேசுவதற்கான மிடி என்னும் ஒழுங்குமுறை வெளியாயிற்று. டேவ் சிமித், இக்குதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால் உருவான அம்முறை உரிமைத்தொகையின்றிச் சகல உற்பத்தியாளருக்கும் திறந்துவிடப்பட்டது. முன்னது கொள்கையின் விளைவு. பின்னது சந்தையின் தேவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகும். போட்டியிடும் முதலாளிகளும் சிலவேளைகளில் பொதுவழி ஒன்றை வேண்டுவர். பண்டாரவளைக்கு 1894 ஆம் ஆண்டிலும் பதுளைக்கு 1924 ஆம் ஆண்டிலும் வந்து சேர்ந்த புகையிரதப் பாதை எல்லாத் தோட்டங்களின் தேயிலையையும் ஏற்றிச் சென்றது போன்றதே மிடி.

2

‘இலவசம்’ என்ற சொல்லை இவ்விடத்திற் சற்று ஆராய வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கு இது பற்றிப் பெருங்குழப்பம் உண்டு. தமிழுக்கு அக்குழப்பம் இல்லை. விலையில்லாதது இலவசம், பயன்படுத்தவும் பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் தடையில்லாதது கட்டற்றது. தோட்டத் தொழிலாளருக்கு இவ்வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை. லயத்து அறைக்கு வாடகை இல்லை. ஆனால் அறை தோட்டத்துக்குச் சொந்தம். பெயர்ப் பதிவு நீக்கப்பட்டால் அறையும் போய்விடும். விலையின்றிக் கிடைத்த அவ்வறை எக்காலத்திலும் கட்டற்றதாக இருந்ததில்லை.

1986 ஆம் ஆண்டில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பாரி வேர்க்கோ உருவாக்கிய சீசவுண்ட் என்னும் இசை மொழியின் வரலாறு இந்நோக்கில் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. மத்யூஸின் மரபில் வந்த அம்மென்பொருள் தொடக்கத்திலிருந்தே விலையின்றிக் கிடைத்தது. மூல வரிகளும் கிடைத்தன. ஆயின் உரிமம் கல்விக்கும் ஆய்வுக்குமென வரையறுக்கப்பட்டிருந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காக அதனைத் திருத்தியும் வளர்த்தும் வந்தனர். எனினும் 2003 ஆம் ஆண்டில் குனூ சிற்றுரிமத்தின் கீழ் விடுவிக்கப்படும்வரை அவர்கள் பிறர் அறையிற் குடியிருந்தோராகவே இருந்தனர். ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதை நாமும் அறிவோம். வேர்க்கோ ஒரு துரையல்லர். எவரும் பசியால் வாடவில்லை. உடைமை உறவின் வடிவம் ஒத்திருக்கின்றது என்பதே நமது கூற்று.

இதற்கு மாறான வழியொன்றை, கொள்கை ஏதும் பேசாத இளைஞர்கள் கண்டனர். 1987 ஆம் ஆண்டில் யேர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் ஓபார்ஸ்கி கொமடோர் அமிகா கணினிக்கென அல்டிமேட் சவுண்ட்ராக்கர் என்னும் மென்பொருளை எழுதினார். அது விற்பனைப் பண்டமாகவே வெளிவந்தது. சந்தையிற் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. ஆனால் அதனைக் கையிற் பெற்ற இளைஞர்கள் பிரித்து ஆராய்ந்து, திருத்தி, வேறு பெயர்களில் இலவசமாக உலாவ விட்டனர். நொயிஸ்ட்ராக்கர், புரோட்ராக்கர் முதலியன இவ்வாறு தோன்றியவை. அம்மென்பொருள் ஆக்கிய கோப்பு ‘மொட்’ எனப்பட்டது. அதன் அமைப்பிலேயே ஒரு புதுமை இருந்தது. சிறு ஒலித்துண்டுகளும் அவற்றை எப்போது எந்தச் சுருதியில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பும் அக்கோப்பினுள் ஒருங்கே இருந்தன. ஒலித்தட்டு விளைவை மட்டும் தரும். சுரக்குறிப்பு வழியை மட்டும் தரும். மொட் இரண்டையும் தந்தது. கோப்பைத் திறந்தவர் பாட்டைக் கேட்டதோடு அது செய்யப்பட்ட விதத்தையும் வரிவரியாகக் கண்டார். ஒலித்துண்டை எடுத்துத் தம் பாட்டில் வைத்தார். நான்கே ஒலித்தடங்கள் கொண்ட அக்கணினியில், 880 கிலோபைற் நெகிழ்தட்டுகளை அஞ்சல்வழி மாற்றிக்கொண்டே ஐரோப்பிய இளைஞர் ஒரு இசைப் பள்ளியை நடத்தினர். வாய்மொழி மரபிற் கும்மி கற்கும் முறையும் இதுவே. வட்டத்தில் நிற்பவள் பாட்டைக் கேட்கின்றாள், அடியைக் காண்கின்றாள், அடுத்த அடியைத் தானே கட்டுகின்றாள்.

இக்கைமாற்று வலையைச் சுவடிக்கூடமாக மாற்றியோர் இருவகையினர். 1992 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து மாணவர் தொடங்கிய அமிநெட் மென்பொருளையும் இசையையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்தது. 1996 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மொட் சுவடிக்கூடம் பாட்டுக்கோப்புகளைத் தனித்துப் பேணியது. அதே 1996 ஆம் ஆண்டு மில்லர் பக்கெற்றின் பியூர் டேட்டாவும் ஜேம்ஸ் மக்கார்ட்னியின் சூப்பர்கொலைடரும் வெளிவந்த ஆண்டுமாகும். முன்னது தொடக்கத்திலேயே கட்டற்றது. பின்னது 2002 ஆம் ஆண்டிற் கட்டறுக்கப்பட்டது. ஒலிப்பதிவுக்கும் தொகுப்புக்கும் உரிய ஓடாசிட்டி 2000 ஆம் ஆண்டில் வந்தது. ஸ்காலா என்னும் மென்பொருளோடு வளர்ந்த சுருதிச் சுவடிக்கூடம் உலக இசைமரபுகளின் சுருதி வரிசைகள் பல்லாயிரத்தை எவரும் இறக்கிக்கொள்ளும் வண்ணம் வைத்துள்ளது. மேலைநாட்டுச் சமசுருதி அமைப்பையே இயல்பெனக் கொண்ட விசைப்பலகைகள் நிறைந்த சந்தையில் இச்சிறு சுவடிக்கூடம் ஆற்றும் பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒப்பாரியின் இறக்கத்தை வெள்ளை விசைக்கும் கறுப்பு விசைக்கும் இடையிற் தேடி அலைந்த எவருக்கும் இது விளங்கும்.

3

தமிழ்ச் சூழலில் இதே உந்துதல் முதலில் நூல்களின் பொருட்டே வெளிப்பட்டது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்குமுள்ள தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. 2005 ஆம் ஆண்டில் ஈழத்து நூல்களுக்கென நூலகம் தோன்றியது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்ட நினைவு இம்முயற்சியின் பின்னணியில் இருந்ததென்பதைக் கூற வேண்டுவதில்லை. நாம் அழுத்த விரும்புவது வேறொன்று. நூலகத்தின் மின்னூற் தளம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் இயங்குவது. ஒலியும் ஒளிப்படமும் வாய்மொழி வரலாறும் சேரும் அதன் ‘ஆவணகம்’ ஐலண்டோரா என்னும் கட்டற்ற மென்பொருளில் அமைந்தது. உள்ளடக்கம் மட்டுமன்றி, அதனைத் தாங்கும் அடுக்கும் எவருடைய தனிச்சொத்துமன்று. இத்தன்மை இல்லையெனில் ஒரு நிறுவனத்தின் விலைத்தீர்மானம் ஒரு சமூகத்தின் நினைவைப் பூட்டிவிடக்கூடும்.

ஊவாவுக்கு வருவோம். பதுளைப் பிரதேசம் மலையக இலக்கியத்துக்கு வழங்கியது கொஞ்சமன்று. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 ஆம் ஆண்டு பிறந்து, தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், 2022 ஆம் ஆண்டில் மறையும்வரை படைப்பாளியாக மட்டுமன்றிப் பழம்பிரதிகளைத் தேடித் திரட்டிய வரலாற்றாளராகவும் விளங்கினார். அவரது ‘மலையகச் சிறுகதை வரலாறு’ அத்தேட்டத்தின் பேறு. ஒரு சமூகத்தின் சுவடிக்கூடம் நெடுங்காலம் தனிமனிதர் சிலரின் அலுமாரிகளாகவே இருந்தது என்பதற்கு அவர் சான்று.

அலுமாரிக்குள் ஓசை அடங்காது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளிற் பாடிய பாடல்கள் 1940 ஆம் ஆண்டிற் சிறுநூல் வடிவில் வெளிவந்தன. அக்காலப் பாட்டுப் புத்தகங்களில் மெட்டு, மக்கள் நன்கறிந்த வேறொரு பாட்டின் தொடக்கத்தைக் காட்டிக் குறிக்கப்படுவதே வழக்கம். அறிந்த பாட்டு மறக்கப்பட்டதும் மெட்டுக் குறிப்பு ஊமையாகிவிடுகின்றது. அதே 1940 ஆம் ஆண்டு மே மாதத்திற் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாம் தெரிவுசெய்த தொழிலாளர் சபையோடு தோட்ட அத்தியட்சகர் கலந்தே நடக்க வேண்டும் என்ற உடன்பாட்டைப் பெற்றனர். இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் அந்நிகழ்ச்சி தனியிடம் பெறுவது. அதனை நாம் இன்று அறிவது பெரும்பாலும் அரச அறிக்கைகள் வாயிலாகவும் சமசமாஜக் கட்சியினரின் எழுத்துக்கள் வாயிலாகவுமே. அக்கூட்டங்களின் முழக்கமும் பாட்டும் எக்காதிலும் இல்லை.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மனிதரோடு அவர்தம் பிறப்புச் சான்றிதழ்களும் புகைப்படங்களும் மண்ணுள் போயின. தொழிலாளர் ஆவணங்கள் லயத்துத் தகரப் பெட்டிகளில் இருக்கும்வரை நில அமைப்பியலும் சுவடியியலின் ஒரு பகுதியே.

4

சட்டத்துறையில் ஒரு தற்செயல் நிகழ்வு நம் சிந்தனைக்குரியது. 2003 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைப் பாராளுமன்றத்தின் இரு சட்டங்கள் அடுத்தடுத்த இலக்கங்களோடு நடைமுறைக்கு வந்தன. 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. 1948 ஆம் ஆண்டிற் பறிக்கப்பட்டது 55 ஆண்டுகளின் பின் மீண்டது. 36 ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம். அச்சட்டம் கணினிச் செய்நிரலை நூலையும் துண்டுப்பிரசுரத்தையும் போன்ற எழுத்தாக்கமாகக் கொண்டு, ஆக்கியோன் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு அளிக்கின்றது. பத்தாண்டில் இயங்காதொழியும் ஒரு மென்பொருளுக்கு நூறாண்டை அணுகும் வேலி! இயந்திரம் துருப்பிடித்த பின்னும் சாவி சட்டைப்பையில் இருக்கும்.

அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளைப் பற்றியது. அவற்றை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பிரதிசெய்வதற்கும் ஒலிபரப்புவதற்கும் அமைச்சரால் தீர்மானிக்கப்படும் தகுதியுள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும். பெறப்படும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செல்லும். நோக்கம் நன்று. ஆயின் அனுமதி வழங்கும் உரிமை பாடிய சமூகத்திடம் இல்லை, அரசிடமே உள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. நாட்டின் மக்களாக ஏற்கப்பட்ட அதே மாதத்தில் மலையகத்தார் தம் பாட்டின் காவலராக ஏற்கப்படவில்லை. இதைச் சதியெனக் கூறுவது பேதைமை. இரு சட்டங்களும் வேறு வேறு காரணங்களால் ஆக்கப்பட்டவை. ஆனால் வரலாற்று மாணவனின் கண்ணுக்கு அவ்விலக்கங்கள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன.

இங்கு எழும் ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். எல்லாம் கட்டற்றதாயின் பெருநிறுவனங்கள் தோட்டத்துத் தப்பொலியை விலையின்றி எடுத்துத் தம் பண்டத்தில் அடைத்து விற்குமன்றோ என முற்போக்காளர் சிலர் கேட்கின்றனர். வினா நியாயமானது. குனூ உரிமத்தின் சூழ்ச்சித்திறன் இவ்விடத்திலேயே விளங்குகின்றது. அது பதிப்புரிமையைக் கைவிடவில்லை. அதனையே கருவியாக்கி, எடுப்பவன் தான் சேர்த்ததையும் அதே உரிமையோடு பிறருக்குத் திறந்துவிட வேண்டும் என்று விதிக்கின்றது. படைப்பாக்கப் பொதுமங்களின் ‘அதே முறையிற் பகிர்தல்’ உரிமமும் இத்தகையதே. வேலியற்ற நிலம் வேறு, எவரும் வேலியிட முடியாத நிலம் வேறு.

5

தப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அதுவே இப்பிரச்சினையின் கூர்முனை. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பு. மாசி மாதத்துக் காமன் கூத்தை நடத்துவதும் தப்பு. பிணத்தின் முன் செல்வதும் தப்பு. ஒரே கருவி வேலையின் அதிகாரத்துக்கும் மக்களின் கலைக்கும் சாவின் சடங்குக்கும் குரலாயிருந்தது. அதனை அடித்தோர் சாதியால் ஒடுக்கப்பட்டோர். அடித்தல் பலவேளை கலையாகவன்றிக் கடமையாகவே சுமத்தப்பட்டது. பறை அடிக்க மாட்டோம் எனத் தமிழ் நிலத்தில் நடந்த மறுப்புகளை மறந்துவிட்டுத் தப்பொலியைச் சேமித்தல், ஒலியைப் பேணி அதன் பொருளை அழிப்பதாகும். ஆகவே பதிவோடு, எந்தத் தாளம் எச்சூழலில் யாருடைய கட்டளையால் அடிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருத்தல் வேண்டும். அடித்தவர் தம் பெயர் வெளிவருவதை விரும்புகின்றாரா என்பது முதலில் கேட்கப்பட வேண்டும். சாவுத் தாளத்தைப் பொதுவில் வைக்க அவர் மறுப்பாராயின், கட்டற்ற கொள்கையின் பெயரால் அம்மறுப்பை மீறும் உரிமை எவருக்கும் இல்லை. மென்பொருள் கட்டற்றிருக்க வேண்டும் என்பதிலிருந்து மனிதரும் திறந்த கோப்பாக வேண்டும் என்பது பெறப்படாது.

எங்கே, எவ்வாறு என்ற வினாக்களுக்கு விடை தேடுவது அரிதன்று. 1989 ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு இணையத்தை வானலையுடன் இணைத்தது. கேட்போர் கேள்வி அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் தேடி ஒலிபரப்பில் விடை கூறினர். வீட்டிற் கணினி இல்லாதோரும் இணையத்தைப் பயன்படுத்த முடியும் என்பதை மலைநாடே காட்டிவிட்டது. பதுளையில் 2005 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் கணினியியலைக் கற்பிக்கின்றது. பல்கலைக்கழகத்தின் சேவையகமும் நூலகம் போன்ற நிறுவனத்தின் அனுபவமும் தோட்ட இளைஞரின் செவியும் ஒன்றுசேர வேண்டும். இம்மூன்றிற் கடைசியே இன்றியமையாதது. முதல் வருகைக்குப் பின் திரும்பிவராத ஆய்வாளரைத் தோட்டங்கள் நிறையவே கண்டுள்ளன.

அச்சுவடிக்கூடம் பாட்டுக்களின் களஞ்சியமாக மட்டும் அமையலாகாது. மொட் கோப்பின் பாடம் இங்குப் பயன்படும். பதிவு, அதனை வெட்டிய ஒலித்துண்டு, அத்துண்டுகளாற் கட்டப்பட்ட கருவி, கருவியை இயக்கும் பியூர் டேட்டா நிரல், ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் அளந்து எழுதிய ஸ்காலாச் சுருதிக்கோப்பு, தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய கையேடு ஆகிய யாவும் ஒருங்கிருக்க வேண்டும். பசறையில் ஓர் இளைஞன் இறக்கிய கருவியை ஹப்புத்தளையில் இன்னொருத்தி திருத்தி மீள இடவேண்டும். பழைய மென்பொருள்களின் மூலவரிகளைச் சேமிப்பதற்கென 2016 ஆம் ஆண்டிற் பிரான்சில் தொடங்கப்பட்ட மென்பொருள் மரபுரிமைச் சுவடிக்கூடம் போன்றவற்றில் ஒரு படியை வைத்தலும் அவசியம். மண்சரிவு மாவட்டத்தில் ஒரே படி, படியே அன்று.

முதற்பதிவுக்குத் தப்பையே எடுத்துக்கொள்ளலாம். தப்பின் தோலை அடிக்குமுன் தீயில் வாட்டுவர்; சூட்டால் தோல் இறுகிச் சுருதி ஏறும்; பனியும் ஈரமும் நிறைந்த மலைக்காற்றில் மெல்ல இறங்கும்; மீண்டும் வாட்டுவர். விற்பனைக்கு வரும் ஒலித்தொகுப்புகள் இவ்வேற்ற இறக்கத்தைக் குறையெனக் கருதி ஒரு நிலையில் உறையச் செய்துவிடுகின்றன. ஊவாப் பதிவு அவ்வாறன்றி, வாட்டுமுன், வாட்டியவுடன், கால்மணி கழித்து, அரைமணி கழித்து என நான்கு நிலைகளிலும், தடித்த குச்சியாலும் மெல்லிய நீள்குச்சியாலும் தனித்தனியே அடித்து, அமுக்கப்படாத கோப்பாக, தோட்டம், மாதம், வேளை, காற்றின் ஈரம் ஆகிய குறிப்புகளோடு பதியப்படல் வேண்டும்.